குமணவும் பறவைத் துப்பறிவோரும்

இலங்கையின் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, பொத்துவில், பாணமை ஊடாகத் தெற்கே நீளும் கரையோரத்தில், 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குமண அமைந்துள்ளது. வில்லு எனப்படும் அதன் ஆழமற்ற இயற்கைக் குளம் கும்புக்கன் ஆற்றிலிருந்து ஒடுங்கிய வாய்க்கால் வழியே நீர் பெறுவதால், கண்டல் மரங்களில் கூழைக்கடாக்களும் நாரைகளும் நீர்க்காகங்களும் கூடுகட்டுகின்றன. 1985 முதல் 2003 வரை போர்ச்சூழலால் இப்பகுதி மூடப்பட்டிருந்தது. 2010இல் அது பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாகப் பதிவுபெற்றது.

பறவை நோக்கல் என்பது தடயங்களைக் கோத்து உண்மையை எட்டும் துப்பறிதலை ஒத்தது என்பதற்கு இலங்கையிலேயே சான்றுண்டு. 1995இல் கித்துல்கல மழைக்காட்டில் இனந்தெரியாத ஆந்தைக் குரலொன்றைக் கேட்ட பறவையியலாளர் தீபால் வரகாகொட, அக்குரலைத் தொடர்ந்து தேடி, 2001 சனவரியில் சிங்கராசக் காட்டில் பறவையை நேரில் கண்டார். காதுக்குஞ்சம் போன்ற இறகுகளற்ற, செம்பழுப்பு நிறமுடைய அச்சிற்றாந்தை, 2004இல் அறிவியலுக்குப் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. குரல், இறகு, வாழிடம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு நோக்கும் இம்முறையே குமணக் கரையின் பறவைகளை இனங்காண்பதற்கும் அடிப்படையாகும்.