அரண்மனை வாயிலும் ஆலய மதிலும்

1801 ஜூன் 16. திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் அரண்மனை வாயிற்சுவரிலும், ஆற்றுக்கு அப்பால் ஸ்ரீரங்கம் ஆலய மதிலிலும் ஒரே அறிக்கை ஒட்டப்பட்டது. சிவகங்கையின் மருது சகோதரர்கள் வெளியிட்ட அதனை வரலாறு ஜம்புத்தீவுப் பிரகடனம் என்றழைக்கிறது. பிராமணர் முதல் முஸ்லிம்கள் ஈறாக அனைத்துச் சமூகத்தாரையும் அது விளித்தது. நவாப் முஹம்மது அலி அறியாமையால் ஐரோப்பியருக்கு இடமளித்துவிட்டார் என்று, அவர் வழியினரின் வாயிலிலேயே நின்று குற்றம் சாட்டியது.

அக்குற்றச்சாட்டைப் புறந்தள்ளுவதற்கில்லை. 1751-52இல் சந்தா சாஹிபின் முற்றுகையிலிருந்து முஹம்மது அலியைக் காத்தவை கும்பெனியின் படைகளே. ஸ்ரீரங்கத்தில் தங்கியிருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாஹிப் கொல்லப்பட்டார். 1765இல் தில்லிப் பேரரசர் ஷா ஆலத்தின் ஃபர்மான் நவாபை நிஜாமின் மேலாண்மையிலிருந்து விடுவித்தது. பட்டம் உயர்ந்தது, கடனும் உயர்ந்தது. போர் மூண்டால் கர்நாடகத்தின் நிர்வாகம் முழுவதும் கும்பெனியிடம் செல்லும் என்றது 1792ஆம் ஆண்டு உடன்படிக்கை.

பிரகடனம் வெளியான நாற்பத்தைந்தாம் நாள், 1801 ஜூலை 31இல், இறுதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அம்மாதம் மறைந்த நவாப் உம்தத்துல் உமராவின் மைந்தர் அலீ ஹுஸைன் கும்பெனியின் நிபந்தனைகளை ஏற்க மறுத்தார். அவரை விலக்கி அஸீமுத் தௌலாவை அரியணையேற்றிய கும்பெனி, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கை அவருக்கு ஒதுக்கிவிட்டு ஆட்சியைத் தானே எடுத்துக்கொண்டது.

இவற்றை ஒப்புநோக்குவோம். ஃபர்மான் மேலிருந்து வந்தது. உடன்படிக்கை இருவருக்கிடையே முடிந்தது. பிரகடனம் ஒன்றே மக்களை நோக்கிப் பேசியது. ஆயினும் அதுவும் பழைய அரசுகளை மீட்டளிக்கவே விழைந்தது. ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மக்களுக்கு வழங்கவில்லை. அழைப்பு மக்களுக்கு; ஆட்சி மன்னர்க்கு.

ஆட்சி ஓர் அமானிதம் என்பதும், பொதுக் காரியங்கள் ஷூரா எனும் கலந்தாலோசனையால் நடைபெற வேண்டும் என்பதும் நம் மரபு போதித்தவை. அமானிதத்தைக் கடனுக்கு ஈடுவைக்க எவருக்கும் உரிமையில்லை. நவாபின் ஆட்சியில் அதனைத் தடுக்கும் அவையொன்று இருக்கவில்லை. ஆள்பவர் முஸ்லிம் என்பது அக்குறையை நிறைவு செய்யவுமில்லை. இதனை நாமே முதலில் ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

1801 அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் விளித்த அதே மக்களின் பெயரால் 1950இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆள்வோரைக் கணக்குக் கேட்கும் உரிமை இன்று நம் கையிலுள்ளது. அதனைக் கேளாதிருப்பின், அமானிதத்தில் தவறியவர் ஆள்பவர் மட்டுமல்லர்.