ஆழ்வான் ஒளிப்படக்கலையின் தொடக்க வரலாறும் அமெச்சூர் வானியலாளர்களும்

ஞாயிற்றுத் தொகுதிக்கு அப்பால் உள்ள விண்முகில்கள் (நெபுலாக்கள்), விண்மீன் கொத்துகள், விண்மீன் பேரடைகள் ஆகியவை ஆழ்வான் பொருட்கள் எனப்படுகின்றன. இவற்றை ஒளிப்படம் எடுப்பது இன்று உலகெங்கும் பலருக்கு ஓய்வுநேர ஈடுபாடாக உள்ளது. பெரிய ஆய்வகங்களில் பிறந்த கலை, கருவிகளின் விலை குறைந்த பின் மொட்டைமாடிக்கு இறங்கி வந்தது என்றே பெரும்பாலோர் எண்ணுவர். உண்மையில் நடந்தது இதற்கு நேர்மாறானது. 1880களில் இக்கலையை நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானோர் ஒரு மருத்துவர், ஒரு சுகாதாரப் பொறியாளர், ஒரு கட்டடத் தொழில் வணிகர் ஆகிய மூவர். மூவருமே வானியலைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்கள்.

கை வரைந்த வானம்

ஒளிப்படத்திற்கு முன் விண்முகிலைப் பதிவு செய்ய ஒரே வழி வரைவதுதான். அயர்லாந்தின் பிர் கோட்டையில் 72 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியை அமைத்த ரோசு பிரபு, 1845இல் மெசியர் 51 என்னும் பொருளின் சுருள் வடிவைக் கண்டு வரைந்தார். அது பெரிய கண்டுபிடிப்பு. ஆயினும் அதற்குச் சான்று அவருடைய கண்ணும் பென்சிலுமே.

ஓரியன் விண்முகிலின் நிலை இன்னும் சிக்கலானது. மிருகசீரிட விண்மீன்களை அடுத்துத் தெரியும் இந்தப் பொருளைத் தேர்ந்த பார்வையாளர்கள் பலர் வரைந்தனர். ஒருவர் படம் மற்றவர் படத்தோடு பொருந்தவில்லை. இதனால் விண்முகிலே காலப்போக்கில் உருமாறுகிறதா என்ற கேள்வி எழுந்தது. மாறியது வானமா, வரைந்த கையா என்று தீர்ப்புச் சொல்ல வழியில்லை. மாணவர் ஒருவரின் விடைத்தாளை அவரையே திருத்தச் சொன்னது போன்ற நிலை அது. ஒளிப்படத்தின் தேவை இங்கிருந்துதான் எழுந்தது. அழகான படம் வேண்டும் என்பது பின்னால் வந்த ஆசை.

ஈரத் தட்டும் உலர் தட்டும்

டாகுவேர் தம் ஒளிப்பட முறையை 1839இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் சான் வில்லியம் திரேப்பர் நிலவைப் படமெடுத்தார். 1850 சூலையில் ஆர்வர்டு வான்காணகத்தில் வில்லியம் பாண்டும் ஒளிப்படக் கலைஞர் விப்பிளும் சேர்ந்து வேகா (அபிஜித்) விண்மீனைப் பதிவு செய்தனர். ஆனால் விண்முகிலைப் படமெடுக்க அதன் பின்னும் முப்பது ஆண்டுகள் ஆயின.

காரணம் எளிது. வேகாவின் ஒளி ஒரு புள்ளியில் குவிகிறது; விண்முகிலின் ஒளியோ பரந்து மெலிந்து கிடக்கிறது. 1850களில் பரவிய கொலோடியன் முறையில் கண்ணாடித் தட்டில் வேதிப்பூச்சைத் தடவி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். கிடைத்த நேரம் சில நிமிடங்களே. ஒழுகும் கூரையின் கீழ் வைத்த பாத்திரத்தை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டால் அடி நனைந்திருக்கும். இரவு முழுதும் விட்டுவைத்தால் நிறைந்திருக்கும். மனிதக் கண் ஒரு நொடியின் சிறு பகுதிக்கு மேல் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. ஒளிப்படத் தட்டு சேர்த்து வைக்கும், ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும்.

அந்த அவகாசத்தைத் தந்தவரும் வானியலாளர் அல்லர். ஆங்கிலேய மருத்துவரான ரிச்சர்டு லீச் மேடாக்சு, 1871இல் செலட்டின் பூசிய உலர் தட்டு முறையை வெளியிட்டார். சில ஆண்டுகளில் அது மேம்பட்டுக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. இனி மணிக்கணக்கில் தட்டைத் திறந்து வைக்கலாம்.

ஆனால் புவி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. அசையாத தொலைநோக்கியில் ஒரு முழுநிலவின் அகலத்தை விண்மீன் இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். எனவே எடைக்கல் இறங்குவதால் இயங்கும் கடிகார எந்திரத்தைக் கொண்டு தொலைநோக்கியைத் திருப்பினர். அந்த எந்திரங்கள் சீராக ஓடவில்லை. ஒருவர் வழிகாட்டும் விண்மீனைக் குறுக்கிழையில் நிறுத்தி, நகரும்போதெல்லாம் கையால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்கால இரவில், கண்ணை எடுக்காமல், மணிக்கணக்கில்.

திரேப்பர்: 51 நிமிடங்கள்

நிலவைப் படமெடுத்த திரேப்பரின் மகன் என்றி திரேப்பர் மருத்துவம் படித்தவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். இளமையில் பிர் கோட்டைக்குச் சென்று ரோசு பிரபுவின் தொலைநோக்கியைக் கண்டது அவரைத் திசைதிருப்பியது. அட்சன் ஆற்றங்கரையில் தம் சொந்த வான்காணகத்தை அமைத்தார். மனைவி மேரி அன்னா உடனிருந்து உதவினார்.

1880 செப்டம்பர் 30 அன்று 11 அங்குலத் தொலைநோக்கியில் 51 நிமிடம் தட்டைத் திறந்து வைத்து ஓரியன் விண்முகிலைப் படமெடுத்தார். விண்முகிலொன்றின் முதல் ஒளிப்படம் இதுவே. விண்மீன்கள் சற்றே நீண்டு, ஒளிமிக்க நடுப்பகுதி மட்டும் பதிந்த படம் அது. அவர் அதோடு நிற்கவில்லை. 1882 மார்ச்சில் 137 நிமிடப் படம் எடுத்தபோது மெல்லிய வெளிப்பகுதிகளும் தெரிந்தன. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் ராக்கி மலைகளில் வேட்டைக்குச் சென்றவர் பனிப்புயலில் சிக்கி, திரும்பியதும் நோயுற்று நவம்பர் 20 அன்று 45 வயதில் காலமானார். மேரி அன்னா தந்த நிதியில்தான் ஆர்வர்டில் என்றி திரேப்பர் நினைவுத் திட்டம் தொடங்கியது. 2,25,300 விண்மீன்களை நிறமாலை வழியே வகைப்படுத்திய என்றி திரேப்பர் அட்டவணை அதன் விளைவாகும்.

காமன்: கண் காணாததைக் கண்ட தட்டு

ஆண்ட்ரூ ஐன்சுலி காமன் கழிவுநீர், குழாய்ப் பணிகள் சார்ந்த சுகாதாரப் பொறியாளர். இலண்டனை அடுத்த ஈலிங்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியை நிறுவினார். ஆடியைச் செய்தவர் சார்ச்சு கால்வர். தாங்கியை வடிவமைத்தவர் காமனே. அந்தப் பெரும் எடை உராய்வின்றிச் சுழல, அச்சைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார். பொறியாளர் புத்தி என்பது இதுதான்.

1883 சனவரி 30 அன்று 37 நிமிடத்தில் அவர் எடுத்த ஓரியன் படம் திரேப்பருடையதை மிஞ்சியது. அதில் ஒரு புதுமை இருந்தது. அதே தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தால் தெரியாத விண்மீன்கள் தட்டில் பதிந்திருந்தன. அதுவரை ஒளிப்படம் கண் கண்டதை நகலெடுக்கும் கருவி. இப்போது கண்ணைவிட மேலான சாட்சியாயிற்று. 1884இல் அரச வானியல் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது.

காமன் அந்தத் தொலைநோக்கியை எட்வர்டு கிராசுலி என்னும் ஆலிபாக்சு நகரத் தரைவிரிப்பு ஆலை அதிபருக்கு விற்றார். அவர் 1895இல் அதைக் கலிபோர்னியாவின் லிக் வான்காணகத்திற்கு நன்கொடையாக அளித்தார. சேம்சு கீலர் 1898 முதல் அதைக் கொண்டு படமெடுத்து, அந்தத் தொலைநோக்கிக்கு எட்டக்கூடிய விண்முகில்கள் 1,20,000 இருக்கலாம் என்றும் பெரும்பாலானவை சுருள் வடிவின என்றும் மதிப்பிட்டார். தோட்டத்தில் பிறந்த கருவி ஆய்வகத்திற்குச் சென்ற கதை இது.

இராபர்ட்சு: சரியான படம், தவறான விளக்கம்

வேல்சில் 1829இல் பிறந்த ஐசக் இராபர்ட்சு லிவர்பூலில் கட்டடத் தொழிலில் பொருளீட்டியவர். ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் வானியலில் இறங்கினார். 1885இல் அவர் வாங்கிய 20 அங்குல ஒளிப்படத் தொலைநோக்கியோடு, வழிகாட்டும் விண்மீனைப் பார்க்க 7 அங்குலத் தொலைநோக்கி ஒன்றும் ஒரே அச்சில் பொருத்தப்பட்டது. ஒன்று படமெடுக்க, மற்றொன்று வழிகாட்ட என்ற இந்த ஏற்பாடு இன்றைய அமெச்சூர்களிடமும் உள்ளது. காவல் இருக்கும் கண்ணுக்குப் பதில் சிறு மின்னணுக் கேமரா வந்துவிட்டது, அவ்வளவே.

கார்த்திகை விண்மீன்களைச் சூழ்ந்த மெல்லிய முகிலை 1886இல் அவர் விரிவாகப் பதிவு செய்தார். 1888 இறுதியில் எடுத்த அந்திரொமேடாப் படமே அவர் பெயரை நிலைக்கச் செய்தது. அந்திரொமேடாவில் இரண்டு கருங்கோடுகள் இருப்பதாகச் சார்ச்சு பாண்டு 1840களில் வரைந்திருந்தார். அவை கோடுகள் அல்ல, சுற்றிச் செல்லும் சுருள் கைகளின் இடைவெளி என்பதை இராபர்ட்சின் தட்டு காட்டியது.

படம் பொய் சொல்லவில்லை. ஆனால் படத்தைப் படித்தவர் வழி தவறினார். சுழலும் வாயு முகில் சுருங்கிக் கோள்கள் பிறக்கின்றன என்ற இலப்லாசின் கருதுகோளுக்கு இதுவே கண்முன் சான்று என்றும், அருகிலுள்ள இரு சிறு முகில்கள் பிறந்துகொண்டிருக்கும் கோள்கள் போன்றவை என்றும் கருதினார். அது தனியொரு விண்மீன் பேரடை என்பது 1923இல் எட்வின் அபிள் எடுத்த தட்டுகளில் மாறொளிர் விண்மீன் ஒன்று கண்டறியப்பட்ட பின்னரே உறுதியாயிற்று.

இன்னொரு சறுக்கலும் உண்டு. வில்லியம் எர்செல் மங்கலான முகில் இருப்பதாகக் குறித்த 52 பகுதிகளை இராபர்ட்சு 90 நிமிடப் படங்களால் சோதித்து, நான்கில் மட்டுமே முகில் உள்ளதாக 1903இல் அறிவித்தார். அவ்வாறு விலக்கப்பட்ட இடங்கள் சிலவற்றில் முகில் இருப்பதைத் தம் படங்கள் காட்டுவதாக எட்வர்டு பர்னார்டு மறுத்தார். சிறுவயதில் நாசுவில் ஒளிப்பட நிலையத்தில் கூலிக்கு வேலை செய்து வளர்ந்த பர்னார்டு, தட்டின் குணத்தை நன்கு அறிந்தவர். தட்டில் பதியவில்லை என்பதால் வானில் இல்லை என்றாகாது. போதிய நேரம் தரப்படவில்லை என்றும் இருக்கலாம். இராபர்ட்சு 1904இல் மறைந்தபின், வானியலாளரான அவர் மனைவி தொரத்தியா குலும்கே, அந்த 52 பகுதிகளின் படங்களையே தொகுத்து 1920களின் இறுதியில் நிலப்படத் தொகுப்பாக வெளியிட்டார்.

ஏன் அமெச்சூர்கள்?

அக்கால அரசு வான்காணகங்களின் முதற்கடமை விண்மீன்களின் இடத்தைத் துல்லியமாக அளப்பதும் நேரம் கணிப்பதும் கடற்பயணத்திற்கான அட்டவணை தயாரிப்பதுமாக இருந்தது. பலன் கிட்டுமா என்று தெரியாத ஒரு தட்டுக்காக இரவுகளைச் செலவழிக்க ஊதியம் பெறும் ஊழியருக்கு இடம் குறைவு. பாரிசில் என்றி சகோதரர்கள் போன்ற விலக்குகள் உண்டு. கேள்வி கேட்க மேலதிகாரி இல்லாதவருக்கே தோல்வியைத் தாங்கும் வசதி இருந்தது. இந்த மூவரும் ஏழைகள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்று அமெச்சூர் என்றால் பெரும்பாலும் பணமும் நேரமும் உள்ள கனவான் என்றே பொருள்.

படச்சுருளிலிருந்து மின்னணுக் கேமராவுக்கு

இருபதாம் நூற்றாண்டில் ஆடிகள் 100 அங்குலம், 200 அங்குலம் எனப் பெரிதாக, ஆழ்வான் ஒளிப்படம் தொழில்முறை ஆய்வகங்களின் கைக்குச் சென்றது. சாதாரணப் படச்சுருளுக்கு ஒரு குறை: ஒளி மிகக் குறைந்தால் அதன் உணர்திறனும் சரிந்துவிடும். ஒரு மணி நேரத்திற்கு இரு மணி நேரம் தந்தாலும் பலன் இரட்டிக்காது. 1980களில் அமெச்சூர்கள் கோடாக் 2415 படச்சுருளை நைதரசன், ஐதரசன் கலவையில் சூடேற்றிப் பதப்படுத்தி இக்குறையை ஓரளவு போக்கினர்.

உண்மையான திருப்பம் 1969இல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் சிமித்தும் உருவாக்கிய சிசிடி உணரி. நல்ல ஒளிப்படத் தட்டு நூற்றுக்குச் சில ஒளித்துகள்களையே பதிவு செய்தது. சிசிடி பாதிக்கு மேல் பதிவு செய்கிறது. அதோடு பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்ட முடிந்தது. நான்கு மடங்கு நேரம் தந்தால் படத்தின் தெளிவு இரு மடங்காகும். நூறு மடங்கு தந்தால் பத்து மடங்கு. 1990களில் இத்தகைய கேமராக்கள் அமெச்சூர்களை எட்டின. ஐதரசன், ஆக்சிசன் ஒளியை மட்டும் விடும் வடிகட்டிகள் வந்தபின் நகர விளக்குகளின் நடுவிலிருந்தும் விண்முகில்களைப் படமெடுக்க முடிகிறது.

கண்டுபிடிப்புகளும் தொடர்ந்தன. 2004 சனவரியில் அமெரிக்காவின் கென்டக்கியில் சே மெக்நீல், 3 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த படத்தில், மெசியர் 78 அருகே முன்பு இல்லாத முகிலொன்றைக் கண்டார். 2016 செப்டம்பர் 20 அன்று அர்கெந்தீனாவின் ரொசாரியோ நகரில், பூட்டுத் தொழில் செய்யும் விக்தர் பூசோ, புதுக் கேமராவைச் சோதிக்க என்சிசி 613 பேரடையைத் தொடர்ந்து குறும்படங்களாக எடுத்தார். நகர வெளிச்சத்தில் நீண்ட படம் வெளுத்துவிடும் என்பதால்தான் குறும்படங்கள். அந்த வரிசையில் ஒரு விண்மீன் வெடிக்கத் தொடங்கும் கணமே சிக்கியது. எந்த ஆய்வகமும் திட்டமிட்டுப் பிடித்திராத ஒன்று அது. 2018இல் நேச்சர் இதழில் அதுபற்றிய ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது.

வானில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட பேரடை அந்திரொமேடாவாகத்தான் இருக்கும். அதனருகே, ஏறத்தாழ மூன்று முழுநிலவு நீளத்திற்கு ஒரு பெரும் வில் விரிந்து கிடந்தது 2022 வரை எவருக்கும் தெரியாது. யான் செயின்டி, மார்செல் திரெக்சுலர், சேவியர் சுட்ரோட்னர் ஆகிய அமெச்சூர்கள், ஆக்சிசன் ஒளி வடிகட்டியுடன் சிறு தொலைநோக்கியில் 100 மணி நேரத்திற்கும் மேல் ஒளி சேர்த்து அதை வெளிக்கொணர்ந்தனர். 2023 தொடக்கத்தில் தொழில்முறை வானியலாளர்களுடன் இணைந்து அதை அறிவித்தனர். அது அந்திரொமேடாவைச் சேர்ந்ததா, நமது பால்வழியில் இடையே மிதப்பதா என்ற கேள்வி உடனே எழுந்தது. பின்வந்த நிறமாலை ஆய்வு பால்வழியின் பக்கமே சாய்கிறது.