லைன் கிளியர்

எங்க கம்பெனியில போன மாசம் பழைய இன்ட்ராநெட்டை மூடிட்டுப் புதுசு ஒண்ணு திறந்தாங்க. இனிமே அதை இன்ட்ராநெட்னு சொல்லக்கூடாதாம், 'எம்ப்ளாயி எக்ஸ்பீரியன்ஸ் பிளாட்ஃபார்ம்'னு சொல்லணுமாம். கம்பெனி பேரு கேக்காதீங்க, பொழப்பு ஓடணும் :-)

பார்க்க நல்லாத்தான் இருக்கு. பொறந்த நாளுக்கு வாழ்த்து வருது. பக்கத்து சீட்டுக்காரருக்கு நட்சத்திரம் குடுக்கலாம். மொபைல்லயே லீவு போடலாம். ஆனா பழசுல இருந்து தகவலை மாத்தும்போது நான் வேலைக்குச் சேர்ந்த தேதி தப்பாயிடுச்சு. எட்டு வருஷ சர்வீஸ் எட்டு மாசமா நிக்குது. கிராஜுவிட்டி கணக்கே அந்தத் தேதியை வச்சுத்தான். தப்புன்னு சொல்றதுக்குப் புதுசுல இடமே இல்லை. பழைய சைட் பார்க்க சகிக்காது, ஆனா எதுக்கு யாரைக் கூப்பிடணும்னு ஃபோன் நம்பர் பட்டியல் ஒண்ணு அதுல இருக்கும்.

பிளாட்ஃபார்ம்னதும் எனக்கு எங்க ஊர் ஸ்டேஷன்தான் ஞாபகம் வந்தது. ஏட்டுல கீழ்வேளூர், எங்க வாயில கீவளூர். அதனால கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன்.

ஊர் ஊரா சிதறிக் கிடக்கிற ஆட்களோட ஒரு கம்பெனி எப்படிப் பேசிக்கணும்ங்கிற பிரச்னை எங்க பக்கத்துக்குப் புதுசில்லை. 1861-62இல் 'கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா' என்ற கம்பெனி நாகப்பட்டினத்தில் இருந்து திருச்சி வரை, ஏறத்தாழ 125 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போட்டது. 1874இல் அது கர்நாடிக் ரயில்வே கம்பெனியோடு சேர்ந்து 'சவுத் இந்தியன் ரயில்வே' ஆனது. இதுல ஒரு வேடிக்கை. முதல்ல போட்டது அகலப் பாதை. 1875இல் செலவு குறையும்னு அதை மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். பின்னால மறுபடி அகலமாக்கினோம். ரெண்டு தடவையும் அதுக்குப் பேரு முன்னேற்றம்தான்!

தண்டவாளத்தோடு தந்திக் கம்பியும் போச்சு. அதுதான் அந்தக் காலத்து இன்ட்ராநெட். எங்க லைன் மாதிரி ஒத்தைப் பாதையில அதோட வேலை வாழ்த்து அனுப்புறது இல்லை, உயிரைக் காப்பாத்துறது. எதிரெதிரா ரெண்டு வண்டி வந்துட்டா என்ன ஆகும்?

பின்னால இதுக்காகவே மின்சாரக் கருவிகள் வந்தன. அதில் ஒண்ணு நீல்ஸ் பால் டோக்கன் கருவி. பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்களில் ஒவ்வொண்ணு. ரெண்டையும் கம்பி இணைக்கும். இந்த ஸ்டேஷன் மாஸ்டர் மணியடிச்சு 'வண்டி அனுப்பலாமா?'ன்னு கேக்கணும். அந்தப் பக்கத்து மாஸ்டர் பாதை காலியான்னு பார்த்துட்டு சம்மதம் குடுத்தால்தான் இங்கே இரும்புப் பந்து வெளியே வரும். ஒரு பந்து வெளியே இருக்கிற வரை ரெண்டு ஸ்டேஷனிலும் அடுத்தது வராது. பந்தைப் பிரம்பு வளையத்தோடு சேர்ந்த பையில் போட்டு டிரைவர் கையில் குடுப்பார்கள். அது இல்லாமல் வண்டி நகரக்கூடாது. சின்ன வயசுல திருவாரூர் ஜங்ஷன்ல அந்த வளையம் கை மாறுறதை வாயைப் பிளந்து பார்த்திருக்கேன்.

யோசிச்சுப் பாருங்க. இந்த ஏற்பாட்டில் உத்தரவு மட்டும் போனால் ஒண்ணும் நடக்காது. எதிர்முனையில் இருந்து பதில் வந்தால்தான் சக்கரம் சுத்தும். அதுக்குப் பேருதான் 'லைன் கிளியர்'.

வண்டி விஷயத்தில் இவ்வளவு ஜாக்கிரதையா இருந்த கம்பெனி, ஆட்கள் விஷயத்தில் அப்படி இருந்ததான்னா, இல்லை. 1920களின் கடைசியில் நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே ஒர்க்ஷாப்பைத் திருச்சி பொன்மலைக்குக் கொண்டுபோனார்கள். கூடவே ஆட்குறைப்பு, வருஷக்கணக்கா வேலை பார்த்தவர்களுக்கே 'டிரேட் டெஸ்ட்' என்ற தேர்வு. வேண்டாம்னு தொழிலாளர்கள் சொன்னதை நிர்வாகம் ஏற்கவில்லை. 1928 ஜூலையில் சவுத் இந்தியன் ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் கைதாகி சிறைக்குப் போனார்கள். மணியடிச்சுக் கேட்டவனுக்குப் பந்து வரவில்லை, அவ்வளவுதான்.

1951 ஏப்ரல் 14இல் சவுத் இந்தியன் ரயில்வே, தென்னக ரயில்வேயில் சேர்ந்தது. அப்புறமும் ரொம்பக் காலம் ஊழியரோட பணிப்பதிவேடு ஆபீஸ் அலமாரியில்தான். கேட்மேனாகவோ கீமேனாகவோ இருந்தவர் தன் பேரில் என்ன எழுதியிருக்குன்னு பார்க்கணும்னா ஆபீஸுக்குப் போய் நிக்கணும். 1986இல் ரயில்வேக்கு மென்பொருள் செய்ய 'கிரிஸ்' என்ற அமைப்பு வந்தது. அதற்கப்புறம் ரயில்நெட் என்று ஒரு இன்ட்ராநெட். 2020இல் கிரிஸ் உருவாக்கிய எச்.ஆர்.எம்.எஸ். வழியாக முதலில் இ-பாஸ், நவம்பரில் ஊழியர் சுயசேவைப் பகுதி. இந்தக் கடைசி ஐட்டம்தான் எனக்கு முக்கியமாப் படுது. அதில் ஊழியர் தன் விவரத்தைப் பார்க்கிறதோடு, மாத்தணும்னு நிர்வாகத்துக்கு எழுதவும் வழி வச்சிருக்காங்க. எழுதினா எவ்வளவு வேகமா நடக்கும்ங்கிறது வேற கதை. ஆனா இந்தப் பக்கத்துல இருந்து மணியடிக்க ஒரு பொத்தான் இருக்கு.

எங்க பளபள பிளாட்ஃபார்ம்ல அதுதான் இல்லை. நட்சத்திரம் குடுக்க ஏழு விதம் இருக்கு, 'இது தப்புங்க'ன்னு சொல்ல ஒரு வழி இல்லை.

கடைசில என்ன ஆச்சு? பழைய நம்பர் பட்டியலோட பிரிண்ட் அவுட் ஒண்ணு அட்மின் அண்ணன் மேசைக் கண்ணாடிக்கு அடியில கிடந்தது. நாலு நாள் அடிச்சேன், எடுக்கலை. அஞ்சாம் நாள் ஒரு அம்மா எடுத்து, "மெயில் போடுங்க தம்பி, பார்க்கறேன்"னாங்க. போட்டாச்சு. இன்னும் லைன் கிளியர் வரலை.

உங்க ஆபீஸ்ல எப்படி மக்களே?