சேலத்து ஹாலும் கரடியூர்க் களமும்

போன ஜனவரியில் தோழி ஒருத்தி தன் நாலு வயது மகனை மூன்று நாளைக்கு என்னிடம் விட்டுப் போனாள். மாமனாருக்கு அறுவை சிகிச்சை. கணவன், மனைவி இருவருமே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய நிலை. முதல் நாள் பையன் சேலத்தில் எங்கள் ஃபிளாட்டில் இருந்தான். மறுநாள் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏற்காட்டைத் தாண்டிக் கரடியூரில் உள்ள என் அம்மா வீட்டுக்கு அவனையும் கூட்டிப் போனேன். பிள்ளை ஒன்று, சேட்டையும் ஒன்று. பார்த்துக்கொண்ட கைகள்தான் வேறு. அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

சேலத்தில் அவன் டிவி ரிமோட்டைத் தரையில் ஓங்கி அடித்தான். எடுக்கப் போன என் மகளின் முழங்கைக்குக் கீழே கடித்தான். பல் வரிசை அப்படியே பதிந்துவிட்டது. கரடியூரில், களத்தில் காயப்போட்டிருந்த காபிப் பழத்தை அள்ளி அள்ளி வேலிக்கு அப்பால் வீசினான். தடுக்க வந்த பக்கத்து வீட்டுச் சிறுமியைப் பிடித்துத் தள்ளினான்.

யார் பேச்சு செல்லும்?

கடித்தது என் மகளாக இருந்திருந்தால் என் குரலே வேறாக இருந்திருக்கும். அவனிடமோ, "தங்கம், அப்படிச் செய்யலாமாடா?" என்று குழைந்தேன். இவளுக்கு இங்கே அதிகாரம் இல்லை என்பது அவனுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. எத்தனை மணிக்குப் பால், எந்தப் போர்வை, எந்தத் தட்டு என்று தோழி வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதியிருந்தாள். அவன் கடித்தால் நான் என்ன செய்யலாம் என்பதை அவளும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மாவின் களத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பறிப்புக் காலம் வந்துவிட்டால், பழம் பறிக்கப் போகும் பெண்களின் பிள்ளைகள் நாலைந்து பேர் அங்கேதான் கிடப்பார்கள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடியைக் கொண்டுவந்தது. அங்கன்வாடி பூட்டியிருக்கும் நாளில், அந்தச் சட்டம் எட்டாத சின்னத் தோட்டக்காரர்களுக்குக் களம்தான் காப்பகம். "பாத்துக்கங்க அத்தே" என்று பிள்ளையை இறக்கிவிடும்போதே, அதட்டும் உரிமையும் சேர்ந்து கைமாறிவிடுகிறது. இன்று இவள் பிள்ளை, நாளை அவள் பிள்ளை.

அம்மா கத்தவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இது என் களம். இங்க பழத்த வீசக் கூடாது" என்றாள். அவ்வளவுதான். கையில் இருந்த பழத்தைக் கீழே போட்டான்.

எதைக் காட்டி அடக்குகிறோம்?

நான் காட்டியது செல்போன். பத்து நிமிடம் வீடு அமைதியானது. போனைத் திரும்ப வாங்கியபோது முதல் ரகளையைவிடப் பெரிய ரகளை. கடித்தால் போன் கிடைக்கும் என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.

அம்மா கொடுத்தது பழம் கிளறும் பலகை. தன் உயரத்துக்கு மேல் நீண்ட கம்பைப் பிடித்துக்கொண்டு, அரை மணி நேரம் சிவப்பும் கறுப்புமாகக் கிடந்த பழங்களுக்குள் கோடு போட்டுக்கொண்டிருந்தான். இத்தோடு நிறுத்தினால் மலை ஜெயித்துவிட்டதாகச் சொல்லிவிடலாம். ஆனால் சாயங்காலம் அவன் மறுபடி ஆரம்பித்தான். அம்மாவும் தன் பழைய ஆயுதத்தை எடுத்தாள்: "கரடி வந்துரும்!" ஊர்ப் பெயரே கரடியூர், வேறு சாட்சி வேண்டுமா? பையன் அடங்கினான். ராத்திரி வெளியே இருந்த கழிப்பறைக்குப் போக மறுத்து, பாயை நனைத்தான். என் லஞ்சமும் அம்மாவின் மிரட்டலும் ஒரே வகைதான். இரண்டுமே அந்த நேரத்தைக் கடத்தின; பிள்ளைக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை.

அடி இரண்டு வீட்டிலும் விழவில்லை. அடியாத மாடு படியாது என்பார்கள். பெற்றோரின் அடியையும் சேர்த்துச் சட்டத்தால் தடுத்த முதல் நாடு ஸ்வீடன், ஆண்டு 1979. நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 75-ஆம் பிரிவு, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைக் கொடுமைப்படுத்தினால் தண்டனை என்கிறது. பெற்றவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்ற சமாதானம் பெற்ற கைக்கே இன்று செல்லுபடியாகுமா என்பது சந்தேகம். இரவல் கைக்கு நிச்சயம் ஆகாது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்க்கத்தான் சொல்கிறது பழமொழி.

மாலையில் என்ன சொல்கிறோம்?

இரண்டு வீடுகளும் உண்மையில் பிரிவது இந்த இடத்தில்தான். முதல் நாள் இரவு தோழி போனில் கேட்டாள்: "சமர்த்தா இருந்தானா?" "ரொம்ப சமர்த்து" என்றேன். ஆஸ்பத்திரியில் இருப்பவளைக் கலங்கடிப்பானேன் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். நட்பு கசந்துவிடுமோ என்ற பயம் அதற்கு அடியில் இருந்தது. மறுநாள் புறப்படும்போது மகளுக்கு முழுக்கைச் சட்டை மாட்டினேன். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், ஜனவரிக் குளிர் என்று ஒரு சாக்கும் இருந்தது.

களத்தில் கணக்கு அன்றன்றைக்கே தீர்ந்துவிடுகிறது. பறிப்பு முடிந்து வந்த சிறுமியின் தாயிடம் அம்மா நடந்ததைச் சொன்னாள். அவளும் மகளின் முழங்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி அத்தே" என்று போய்விட்டாள். யார் முகமும் கோணவில்லை.

மூன்றாம் நாள் தோழியே மலையேறி வந்தாள். வரக்காப்பியை நீட்டியபடியே அம்மா ஆரம்பித்துவிட்டாள்: "உம் மவன் ரெண்டு படி பழத்த வீசிட்டான் கண்ணு. ஒரு புள்ளையத் தள்ளிட்டான். அப்புறம் பலகையக் குடுத்தேன், நல்லா கிளறுனான். நாந்தான் கரடின்னு பயங்காட்டிட்டேன், ராத்திரி பாயில போயிட்டான். அது என் தப்பு."

நான் தோழியின் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் குற்றத்தோடு தன் குற்றத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்ட அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டவளுக்குக் கோபப்பட இடமே வைக்காத பேச்சு அது.

தோழி டம்ளரைக் கீழே வைத்தாள். "வீட்டுலயும் இப்படித்தாம்மா. ஒரு மாசமா கடிக்க வேற ஆரம்பிச்சிருக்கான். தாத்தாவுக்கு முடியாம போனதுலேர்ந்து அவனை யாரும் மடியில வச்சுக்கல. உங்ககிட்ட சொன்னா பாத்துக்க மாட்டீங்களோன்னு சொல்லாம விட்டுட்டேன்."

அவளும் மறைத்திருக்கிறாள். மகளைக் கூப்பிட்டு அவள் சட்டைக் கையை மடித்துவிட்டேன்.