ஐதராபாத் சுரங்க உரிமை ஊழலும் விசாரிக்கும் அதிகாரமும்

உயர் பதவியில் இருப்போர்மீது குற்றச்சாட்டு எழும்போது அதனை விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு உரியது என்பது அரசியல் வரலாற்றின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். நிசாம் மகபூப் அலிகான் காலத்து ஐதராபாத்தில் நிகழ்ந்த சுரங்க உரிமை ஊழலின்வழி அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

வினவியோர்

நிசாம் உரிய வயதை அடையாதிருந்த 1883ஆம் ஆண்டில் சாந்தா இருப்புப்பாதைத் திட்டத்தை எதிர்த்து ஐதராபாத்தில் கிளர்ச்சி எழுந்தது. அதில் முன்னின்றவர்களுள் ஒருவர் கல்வியாளர் அகோரநாத் சட்டோபாத்யாயர். கவிஞர் சரோஜினி நாயுடுவின் தந்தை. அரசு அவரை நாடுகடத்தியது. இருப்புப்பாதை தொடர்பாக அரசின் சார்பில் இலண்டனில் பேச்சு நடத்தியவர் சர்தார் திலேர் ஜங் என்னும் பட்டம் பெற்ற அப்துல் ஹக் ஆவார். வினவியவர் எல்லைக்கு வெளியே அனுப்பப்பட்டார். வினவப்படவேண்டியவரோ பதவியில் தொடர்ந்தார்.

விசாரித்தோர்

1886இல் வாட்சன், ஸ்டூவர்ட் என்னும் இருவருக்குச் சுரங்க உரிமை வழங்கப்பட்டது. இதிலும் அப்துல் ஹக்கின் பங்கு முதன்மையானது. அவ்வுரிமையைக் கொண்டு 10 இலட்சம் பவுன் மூலதனத்தில் ஐதராபாத் தக்காணக் கம்பெனி இலண்டனில் தொடங்கப்பட்டது. அதன் 1,00,000 பங்குகளுள் 85,000 உரிமை பெற்றோர் தரப்புக்கே சென்றன. தம் வசமிருந்த பங்குகளை முகமதிப்பினும் கூடிய விலைக்கு நிசாம் அரசையே வாங்கச் செய்தார் என்பது அப்துல் ஹக் மீதான குற்றச்சாட்டு. 1888இல் அவர் பதவி இழந்தார். அவ்வாண்டே பிரித்தானிய மக்களவையின் தெரிவுக்குழு இதனை விசாரித்தது.

கம்பெனியும் அதனைத் தோற்றுவித்தோரும் இலண்டனில் இருந்தமையால் நிசாம் அரசின் கை அவர்களை எட்டவில்லை. மக்களவைக்கு அது எளிதாயிற்று. எனினும், அவ்விசாரணை பிரித்தானிய மக்களவைக்கே விடை கூறியது. நிலத்தடி வளத்துக்குரிய ஐதராபாத் மக்களுக்கு அன்று. அலுவலர் நீங்கினாலும் சுரங்க உரிமை கம்பெனியிடமே நிலைத்தது. சிங்கரேணி நிலக்கரியை அதுவே வெட்டியெடுத்தது; 1920இல் சிங்கரேணி காலரீஸ் கம்பெனி உருவான பின்னரே நிலை மாறியது.

முடிவுரை

விடுதலைக்குப்பின் 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டம் இவ்வதிகாரத்திற்குச் சட்ட வடிவம் தந்தது. எனினும், 1977இல் ஆந்திர முதல்வர் வெங்கள ராவ் மீதான குற்றச்சாட்டுகளை விசாரிக்க விமதலால் ஆணையத்தை அமைத்தது மாற்றுக்கட்சியின் நடுவண் அரசேயாகும். மேலிருந்து வரும் விசாரணை குற்றத்தை வெளிப்படுத்தக்கூடும். ஆனால், இழப்புற்ற மக்கள் அச்சமின்றி வினவும் உரிமைக்கு அது ஈடாகாது. 1883இல் மறுக்கப்பட்டது அவ்வுரிமையே என்பது இவண் கருதத்தக்கது.