உயில்

உயில் என்பது ஒருவர் தமது இறப்பிற்குப் பின்னர் தம்முடைய சொத்துகள் யாரைச் சென்றடைய வேண்டும் என்பதை அறிவிக்கும் சட்ட ஆவணம் ஆகும். இது விருப்புறுதி, மரண சாசனம் எனவும் அழைக்கப்படுகிறது. எழுதியவர் உயிருடன் இருக்கும் வரை உயில் நடைமுறைக்கு வராது. அவர் அதனை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். உடனே உரிமையை மாற்றும் தானப் பத்திரத்திலிருந்து உயில் வேறுபடுவது இதனால்தான்.

இந்தியாவில் உயில்கள் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் கீழ் அமைகின்றன. முசுலிம்களுக்கு இசுலாமியச் சட்டம் பொருந்தும். அதன்படி பொதுவாக மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் உயில் எழுத வாரிசுகளின் இசைவு தேவை.

உயில் இல்லாத நிலை

உயில் எழுதாமல் இறப்பவரின் சொத்தைச் சட்டமே பங்கிடுகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி இந்து ஆண் ஒருவரின் சொத்தில் தாய், மனைவி, மகன், மகள் ஆகியோர் சமபங்கு பெறுகின்றனர்.

சேலம் மாவட்டத்தில் உள்ள ஜலகண்டாபுரம் போன்ற நெசவு ஊர்களில் வீடும் தறிக்கொட்டகையும் ஒரே மனையில் அமைந்திருப்பதுண்டு. உயில் இன்றித் தந்தை இறந்தால், தறி ஓட்டும் மகன், மணமாகி வெளியூர் சென்ற மகள், அங்கேயே வாழும் தாய் ஆகிய மூவரும் அம்மனைக்குக் கூட்டு உரிமையாளர்கள் ஆவர். முழு மனையையும் விற்கவோ அடமானம் வைக்கவோ மூவரின் கையொப்பமும் தேவைப்படும். தாயின் குடியிருப்புக்கும் மகனின் தொழிலுக்கும் தனித்தனியே வழிசெய்ய உயில் உதவுகிறது.

தமிழக முன்னாள் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா 2016 திசம்பர் 5 அன்று மறைந்தார். அவர் உயில் எழுதவில்லை என்ற அடிப்படையில், அவருடைய அண்ணன் மக்களான ஜெ. தீபா, ஜெ. தீபக் ஆகியோரைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதத்தில் வாரிசுகளாக அறிவித்தது. அவரது இல்லமான வேதா நிலையத்தை நினைவில்லமாக்க அரசு கையகப்படுத்தியதை அதே நீதிமன்றம் 2021 நவம்பரில் நீக்கியது.

எழுதும் முறை

* எழுதுபவர் 18 வயது நிறைந்தவராகவும் தெளிந்த மனநிலை உடையவராகவும் இருத்தல் வேண்டும்.
* அவர் கையொப்பமோ கைந்நாட்டோ இட வேண்டும்.
* குறைந்தது இரு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். பயன்பெறுவோரைச் சாட்சியாக்காமல் இருப்பது நல்லது.
* முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும்.

பதிவுச் சட்டம், 1908-இன்படி உயிலைப் பதிவு செய்வது கட்டாயமன்று. எனினும் பதிவு செய்தால் ஆவணம் தொலைவதும் திருத்தப்படுவதும் தவிர்க்கப்படும். உயிலை முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழியுண்டு.

வங்கிக் கணக்கில் நியமனதாரராகப் பெயரிடப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவரேயன்றி அதன் உரிமையாளர் அல்லர் என உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. எனவே நியமனம் உயிலுக்கு மாற்றாகாது.

புதுப்பித்தல்

ஒரே சொத்தைப் பற்றிப் பல உயில்கள் முரண்பட்டால் இறுதியாக எழுதப்பட்டதே செல்லும். பழைய உயிலை அப்படியே விட்டுவிடுவதால் பின்வரும் சிக்கல்கள் எழலாம்:

* உயிலில் குறிப்பிட்ட சொத்து பின்னர் விற்கப்பட்டிருந்தால், அதனைப் பெற வேண்டியவருக்கு அதன் பேரில் எதுவும் கிடைக்காது.
* உயில் எழுதிய பின் வாங்கிய மனை, "மற்றுமுள்ள சொத்துகள்" என்ற பொதுவாசகம் இல்லையெனில், உயில் இல்லாச் சொத்தாகவே பங்கிடப்படும்.
* பயன்பெறுபவர் முன்னரே இறந்தால் பொதுவாக அக்கொடை செயலிழக்கும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தம் வழித்தோன்றல்களை விட்டு இறக்கும்போது இதற்கு விதிவிலக்கு உண்டு.
* கிறித்தவர் எழுதிய உயில், பின்னர் அவர் திருமணம் செய்தால் செல்லாததாகிறது. இவ்விதி இந்துக்களுக்குப் பொருந்தாது.

ஆகவே திருமணம், மகப்பேறு, இறப்பு, சொத்து வாங்கல் விற்றல் ஆகியவற்றின் பின்னர் உயிலை மீள்பார்வை செய்தல் அவசியமாகும். பழைய தாளில் அடித்துத் திருத்தினால் மட்டும் போதாது. அத்திருத்தத்திற்கும் எழுதியவரின் கையொப்பமும் இரு சாட்சிகளின் கையொப்பமும் தேவை. முந்தைய உயில்களை நீக்குவதாகக் கூறும் புதிய உயில் குழப்பத்தைத் தவிர்க்கும். உயில் இருக்கும் இடத்தை நம்பிக்கைக்குரிய ஒருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* வாரிசுரிமை
* தானப் பத்திரம்
* பத்திரப்பதிவு