பாவடிக்கு வடக்கு

சேலம் குகைப் பகுதியில் மூன்றாவது மாடியில் ரெண்டு பெட்ரூம் வீடு விலைக்கு வருகிறதென்றால், வாங்க வருகிறவர் அறையின் நீள அகலம் கேட்பார், லிப்ட் உண்டா, கார் நிறுத்த இடமுண்டா என்பார். பத்திரம் எழுதியே காலம் தள்ளிய எனக்குக் கண் போவது சொத்து விவரம் சொல்லும் தபசிலில்தான். ‘அ’ தபசில் மனை முழுவதையும் சொல்லும். ‘ஆ’ தபசில் அதில் வாங்குகிறவருக்கு வரும் பிரிபடாத பாகத்தைச் சொல்லும். பத்து சென்ட் மனையில் பன்னிரண்டு வீடு சம அளவில் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மனை 4,356 சதுர அடி. ஒரு வீட்டுக்கு 363 சதுர அடி. அந்த 363 மனையின் எந்த மூலையில் இருக்கிறது என்று சங்கிலி பிடித்துக் காட்ட எந்த சர்வேயராலும் முடியாது. பன்னிரண்டு பேருக்கும் மனை முழுவதிலும் பங்குண்டு. தனியாக ஒரு பிடி மண் கிடையாது.

இது ஏதோ நேற்று வந்த ஏற்பாடு என்று நினைக்கிறவர்கள் குகை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைப் பக்கத்துப் பழைய தாய்ப்பத்திரங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். “இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, தெருவுக்கு மேற்கு, பாவடிக்கு வடக்கு, பொதுச்சுவருக்குத் தெற்கு, இதன் மத்தியில்” என்று செக்குபந்தி ஓடும். அதன் கீழே சேந்துகிணற்றில் நீர் இறைக்கும் பாத்தியம், மாமூல் வழிநடைப் பாத்தியம் என்று வரும். வீடு ஒருவருடையது. சுவரில் பாதியும் கிணறும் வழியும் பலருடையவை. பாவடியோ ஊராருடையது.

பாவடி என்பது நெசவாளர் தெருக்களை ஒட்டி, தறியில் ஏற்றும் நீள இழைகளான பாவை நீட்டுவதற்கென்று விட்ட நெடிய வெற்றிடம். ராசிபுரத்தில் என் தாத்தா வீட்டுக்குப் பின்னால் ஒன்று இருந்தது. வெயில் ஏறுமுன் வேலை தொடங்கிவிடும். இரண்டு முனையிலும் பாவை இழுத்துக் கட்டி, கவட்டுக்கோல்களில் தாங்கி, கஞ்சியைத் தோய்த்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று பெரிய தூரிகையால் ஒரே சீராக நீவிக்கொண்டே போவார்கள். அறுந்த இழையைப் பெண்கள் விரல் நுனியில் முறுக்கிச் சேர்ப்பார்கள். ஒரு குடும்பத்தால் முடிகிற வேலையல்ல இது; இன்று என் பாவுக்கு நீங்கள், நாளை உங்கள் பாவுக்கு நான். எந்த வீட்டுக்குள்ளும் அவ்வளவு நீளத்துக்கு இடம் இருக்காது. அதனால்தான் பாவடி இல்லாத தெருவில் தறி ஓடாது என்பது அன்றைய கணக்கு. வேலை முடிந்த பொழுதில் அதே இடத்தில்தான் பஞ்சாயத்து கூடும், மாரியம்மன் நோன்பு பற்றிப் பேச்சு நடக்கும். குலத்துக்குத் தலைவரான பெரியதனக்காரர் சொல்லாமல் அங்கே ஒரு கல் நட முடியாது. விற்கிற உரிமை தனியாள் எவருக்கும் இல்லை.

அதே பாவடிக்கு ஓர் எல்லையும் இருந்தது. தேவாங்கர் பாவடி தேவாங்கருக்கு, செங்குந்தர் பாவடி செங்குந்தருக்கு. உறவும் குலமும் சேர்ந்து காத்த பொது அது.

சேர்ந்து வைத்திருப்பதற்குச் சட்டத்தின் வழியும் பின்னால் திறந்தது. 1904-இல் இந்தியாவில் முதல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அது கடன் சங்கங்களுக்கு மட்டும். 1912-இல் மற்ற வகைச் சங்கங்களுக்கும் வழி திறந்தது. 1915-இல் பம்பாய் காம்தேவியில் ஸ்ரீபாத் சுப்பாராவ் தல்மக்கி முயற்சியில் சரஸ்வத் கூட்டுறவு வீட்டுச் சங்கம் பதிவானது. மனையும் கட்டடமும் சங்கத்தின் சொத்து. உறுப்பினர் பங்கு வாங்கி, சங்கத்துக்கே குடித்தனக்காரராக இருந்தார். மறு ஆண்டில் நியூயார்க்கின் புரூக்ளினில், பின்லாந்திலிருந்து குடியேறிய தொழிலாளர்கள் அதே போலக் கூட்டாகக் கட்டி, ‘ஆல்கு’ என்று பெயரிட்டார்கள். இரண்டு இடத்திலும் முதலில் சேர்ந்தவர்கள் ஒரே பாஷை பேசியவர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பாவடிக்குக் கிடைத்த அதே பலம் அவர்களுக்கும் கிடைத்தது.

சென்னை மாகாணம் வேறு தடத்தில் போனது. இங்கே வீட்டுச் சங்கங்கள் பெரும்பாலும் கடன் கொடுத்தன, மனை பிரித்துக் கொடுத்தன. உறுப்பினர் வீட்டை அடமானம் வைத்து, தவணை கட்டி, ரசீது வாங்கி, சொந்தக்காரர் ஆனார். அதோடு சங்கத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு முடிந்தது. கைத்தறிக்காக மில் துணி மீது 1953-இல் விதித்த தீர்வைப் பணத்தில் எழுந்த நெசவாளர் குடியிருப்புகளிலும் கடைசியில் தனி வீடு, தனிப் பட்டா என்பதே நோக்கம். சொந்த மண் இல்லாதவர்களுக்குச் சொந்த மண் கொடுத்தது பெரிய காரியம். அந்தப் புண்ணியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சேர்ந்து வைத்திருக்கும் பழக்கம் அந்தத் தலைமுறையோடு நம் கையை விட்டுப் போனது. பாவு தோய்க்கும் வேலை இயந்திரத்துக்குப் போனதும் பாவடிகள் பல பள்ளிக்கூடமாக, கல்யாண மண்டபமாக, திருவிழாத் திடலாக மாறின.

பிறகு அடுக்குமாடி வந்தது. ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ வளாகமே குடியிருப்பாகி, நுழைவு வளைவு மட்டும் மிஞ்சியிருக்கிற ஊர் இது. குகை மாதிரிப் பழைய தெருக்களிலும் தொட்டிக்கட்டு வீட்டை இடித்துத் தூண் எழுப்பினார்கள். பம்பாயில் சங்கத்தின் பெயரில் இருந்த நிலம் இங்கே பன்னிரண்டு பேர் பெயரில் பிரிபடாமல் கிடக்கிறது. அதைக் கூட்டாக நிர்வகிக்க 1994-இல் தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் இயற்றினார்கள். இருந்தும் பல உரிமையாளர் சங்கங்கள் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்திலேயே பெயரைப் பதிந்துகொண்டு ஓட்டின. இன்னும் பல கட்டடங்களில் சங்கமே இல்லை. 2022-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் போதும் என்கிறது அது. முன்பு ஒருவர் மறுத்தாலும் காரியம் நின்றுவிடும்.

பன்னிரண்டு வீட்டிலும் பன்னிரண்டு ஊர்க்காரர் இருப்பது நல்லதுதான். பாவடி யாரை வெளியே நிறுத்தியதோ அவருக்கும் இங்கே பங்குண்டு. ஆனால் பெரியதனக்காரர் செய்த வேலையை இனி யாராவது செய்தாக வேண்டும். அதனால் வாங்க வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: வில்லங்கச் சான்று பார்க்கிற கையோடு சங்கத்தின் பதிவுச் சான்றையும் வரவு செலவு நோட்டையும் கேளுங்கள். மொட்டை மாடியையும் நிறுத்துமிடத்தையும் தனியாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறதா என்று தபசிலை வரிக்கு வரி படியுங்கள். சங்கம் இல்லையென்றால், குடிபோன மாதமே நீங்களே முன்னின்று கூட்டுங்கள். அறைகள் இரண்டையும் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளலாம். கூடிக் காத்தால்தான் 363 சதுர அடி மண் உங்களுக்கு நிலைக்கும்.